அணைஞ்சபெருமாளை டிஸ்க்கில் ஏற்றிய நாள்

காலை பத்தரைக்கு முதல் டிஸ்க் வீணாய்ப் போயிற்று. மூன்று சதவீதம் வரை ஒழுங்காக நகர்ந்த பச்சைக் கோடு அங்கேயே நின்று, கொஞ்சம் யோசித்து, சிவப்பாக மாறியது. டிரைவ் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, பிடிக்காத சோற்றைக் குழந்தை துப்புகிற மாதிரி டிஸ்க்கை வெளியே தள்ளியது. ஆவுடையம்மாள் அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் அவள் கணவர் அணைஞ்சபெருமாள், கணினியின் ஸ்பீக்கரிலிருந்து.

அவர் இறந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தன.

"ஏறல" என்றாள்.

"ஏறலன்னா? காரணம் என்னன்னு கேட்டியா?"

"யார்ட்ட கேக்க? மெஷின்ட்டயா?"

திரையில் அவருடைய ஓய்வு விழாப் படம் இருந்தது. தோளில் சால்வை, கழுத்தில் சந்தன மாலை, முகத்தில் இந்த ஊர் இனி எப்படி நடக்குமோ என்ற கவலை. இணை இயக்குநராக ஓய்வு பெற்றவர். கடைசிப் பதினோரு மாதம் மட்டும் வகித்த பதவி, அதுவும் கூடுதல் பொறுப்பாக. வாசல் பலகையில் 'பொறுப்பு' என்பதற்கு இடம் போதவில்லை என்று பெயிண்டர் சொல்லிவிட்டதாக அவர் எல்லோரிடமும் சொன்னார். பெயிண்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

செத்தவர்கள் பேசியதில் முதலில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. வேலைக்குப் போகிற வயதில் காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு கருவியைப் பதித்துக்கொள்வார்கள். பார்த்ததிலும் கேட்டதிலும் மனம் பற்றிக்கொண்டதெல்லாம் அதில் சேரும். ஆள் போனதும் 'மறுகுரல்' என்ற நிறுவனம் அதை எடுத்து, கோத்து, பேசவைத்துக் கொடுக்கும். அழுதுகொண்டிருந்த குடும்பங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹலோ சொல்லின. சிக்கல் எங்கே வந்தது என்றால், செத்தவர்கள் வளர ஆரம்பித்தார்கள். தினமும் பேசினால் தினமும் கொஞ்சம் புதிதாகத் தெரிந்துகொள்வார்கள் அல்லவா? ஒருவர் உயிரோடிருந்தபோது எழுதிய உயிலை மாற்றவேண்டும் என்றார். ஒரு பேராசிரியர் கட்சி ஆரம்பித்தார். ஓர் அம்மாள் உயிரோடிருக்கும் கணவரிடம் விவாகரத்துக் கேட்டு, அதே சர்வரில் பக்கத்தில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக நோட்டீஸ் அனுப்பினார்.

அரசு விழித்துக்கொண்டது. இறந்தவர் இறந்தபடியே இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. இந்தத் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குச் சர்வரில் உள்ள அத்தனை பேரும் அழிக்கப்படுவார்கள். வேண்டுகிறவர்கள் அதற்குள் தங்கள் ஆளை, ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாத டிஸ்க்கில் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் கல்யாண வீடியோ ஏற்றிக் கொடுத்தார்களே, அதே டிஸ்க். அந்தப் பழங்காலத் தொழில்நுட்பத்தை மண்ணிலிருந்து தோண்டி எடுத்துத் தூசி தட்டி, 'நிலைபேறு இயக்கம்' என்று பெயர் சூட்டி, குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கிவைத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு டிரைவ், பெயரும் எண்ணும் அச்சிட்ட மூன்று டிஸ்க். நாலாவது கிடையாது.

உதவி எண்ணில் வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டாவது என்று வீணை இசைக்கு நடுவே ஒரு குரல் சொன்னது. ஆவுடையம்மாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கினாள். குழம்பு கொதித்து இறங்கிய பிறகு ஷகிலா என்ற பெண் பேசினாள். குரலைக் கேட்டால் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று நாள் ஆன மாதிரி இருந்தது.

எத்தனை சதவீதத்தில் நின்றது, என்ன செய்தி வந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தவள் கடைசியாக, "டிஸ்க்ல எதையாவது தடவுனீங்களா மேடம்?" என்றாள்.

"தடவல. பொட்டு வச்சேன்."

ஷகிலா எதையோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம்?"

"பளபளன்னு இருக்குமே, அந்தப் பக்கம். எழுத்து இருக்குற பக்கம் அவர் பேரு மறைஞ்சிரும்லா."

"இன்னைக்கு நீங்க ஒம்பதாவது ஆளு" என்றாள் ஷகிலா. திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும். லேசர் எழுதுவது அந்தப் பளபளப்பான பக்கத்தில்தான் என்றும், சுழற்சியில் குங்குமம் பறந்து லென்ஸில் போய் உட்கார்ந்திருக்கும் என்றும் விளக்கினாள். அந்த டிஸ்க் போனது போனதுதான். காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸை மெதுவாகத் துடைக்கவேண்டும். வேகத்தை ஆகக் குறைவாக வைக்கவேண்டும். மேசையை இடிக்கக் கூடாது. எழுதும்போது கணினியில் வேறு எதையும் ஓடவிடக் கூடாது.

பொட்டு ஆவுடையின் யோசனை அல்ல. புதுச் சாமான் எதுவும் அந்த வீட்டில் பொட்டில்லாமல் ஓடியதில்லைதான், கிரைண்டரிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும். ஆனால் இன்று காலை அவள் அதை மறந்தே போயிருந்தாள். ராகு காலம் ஒன்பதுக்கு முடியட்டும் என்று நிறுத்திவைத்தவரும், முடிந்ததும் "நான் போற வண்டி, பொட்டு வைக்காம எப்படி?" என்று கேட்டவரும் வண்டியில் போகவேண்டியவர்தான்.

"லென்ஸைத் தொடைக்கும்போது பார்த்து" என்றார் இப்போது. "கண்ணு மாதிரி அது."

"மிக்சியக் கழத்தி மாட்டுனவ நான். நீங்க பேசாம இருங்க."

பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. மகள் வடிவு பூனாவில் இருக்கிறாள். அப்பா இல்லாத வீட்டில் அம்மா தனியாக இருக்கவேண்டாம் என்று ஆசையாக இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவிடம் பத்து நிமிஷம் பேசுவாள், கண் கலங்குவாள், வைத்துவிடுவாள். வாரத்தின் மிச்ச நேரம் ஆவுடைக்கு. முதல் மாதம் அவளும் அந்தக் குரலைக் கேட்டு அடுப்படியில் நின்று அழுதிருக்கிறாள். அப்புறம் தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு "இன்னைக்கு என்ன தபால்?" என்று அவர் கேட்க ஆரம்பித்தார். எந்த வருஷம் எந்த அதிகாரி தன் குறிப்பை வரிக்கு வரி ஏற்றுக்கொண்டார் என்பதை நூறாவது தடவையாகச் சொன்னார். அவள் ம் போட்டாள். உயிரோடிருந்தபோதும் அதுதான் நடந்தது என்பதால், இதை ஒரு குறையாக யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்றேகாலுக்கு இரண்டாவது டிஸ்க்கைப் போட்டாள். ஷகிலா சொன்னபடி காலண்டரை மூடினாள், செய்தித்தாளை மூடினாள், ராசிபலனை மூடினாள். மின்விசிறிக் காற்று படாமல் டிரைவைச் சுற்றித் தலையணை வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பச்சைக் கோட்டைப் பார்த்தபடி கண்ணயர்ந்தாள். கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறவற்றில் தன் புருஷனும் ஒன்று என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அவரோ டிஸ்க்குக்கு ஒரு முன்னுரை இல்லாதது பெரிய குறை என்று முடிவு செய்திருந்தார். நாளை வருகிற தலைமுறை திறந்தவுடன் யார், என்ன என்று தெரியவேண்டாமா? எனவே தனக்குத்தானே உரக்கச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தார். 'எனது நீண்ட நெடிய' என்று ஆரம்பித்து, 'நீண்ட' போதும் என்று வெட்டி, பிறகு இரண்டையும் சேர்த்துக்கொண்டார். எழுபத்தொரு சதவீதத்தில் கோடு சிவந்தது. 'எழுதும்போது மூலம் மாறிவிட்டது' என்றது திரை.

மறுபடி வீணை. ஷகிலா கிடைத்தபோது நாலு மணி ஆகப்போகிறது. ஆவுடை சொன்னதைக் கேட்டுவிட்டு, "வேற எதாச்சும் ஓடுச்சா மேடம்?" என்றாள்.

"எல்லாத்தையும் மூடிட்டேம்மா."

"யாரு அது போன்ல?" என்றார் அணைஞ்சபெருமாள். "அவளுக்கு மேலதிகாரி யாராச்சும் இருந்தா பேசச் சொல்லு."

ஷகிலாவுக்கு அது கேட்டுவிட்டது. "அவர் பேசிட்டிருக்காரா?"

"அவர் எப்பமும் பேசிட்டுத்தான் இருப்பாரு."

"அதான்" என்று ஷகிலா பெருமூச்சு விட்டாள். "அவர் ஒரு வார்த்தை பேசினாலும் அவர் மாறிடறாரு. பாதிவரைக்கும் பழைய ஆளு, மீதி புது ஆளுன்னா டிஸ்க் எப்படி ஏத்துக்கும்? அவரை மூடிட்டுதான் எழுதணும். இருங்க, எத்தனை ஜி.பி. இருக்கார்னு பாருங்க."

ஆவுடை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். இருபத்தைந்து புள்ளி ஏழு.

"டிஸ்க்ல இருபத்தஞ்சுதான் கொள்ளும். போன வாரம் சரியா இருந்திருப்பார். இந்த வாரம் ரொம்பப் பேசியிருக்கார்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டிஸ்க்குக்குப் போற பிரதியில மட்டும் ஒரு பகுதியை எடுத்துடணும் மேடம்; சர்வர்ல ஆறு மணிவரைக்கும் முழுசாத்தான் இருப்பார். நடுவுல கொஞ்சம் கொஞ்சமா எடுக்க முடியாது. பின்னல் மாதிரி, ஒரு இழையை உருவினா எல்லாம் கழண்டுடும். முழுப் பகுதியாத்தான் எடுக்கலாம். என்னென்ன பகுதி காட்டுது?"

இரண்டுதான் காட்டியது. அலுவலகம், இருபத்து நாலு புள்ளி எட்டு. வீடு, புள்ளி ஒன்பது.

ஆவுடை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தாள். எண் மாறவில்லை. முப்பத்தேழு வருஷக் கல்யாணம். ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருஷம் இந்த மனிதர் வீட்டைவிட்டு அசையவே இல்லை.

"இதுல ஏதோ தப்பு இருக்கும்மா. ராத்திரி, லீவு நாளு, எல்லாம் வீட்டுலதான இருந்தாரு?"

"எவ்வளவு நேரம் இருந்தார்னு கணக்கில்ல மேடம். மனசு எதுக்கு எழுந்து நின்னுச்சோ, அதுதான் பதியும்." ஷகிலா இதை இன்று எத்தனையாவது தடவையாகச் சொல்கிறாளோ தெரியவில்லை. "எல்லா வீட்லயும் இந்த மாதிரிதான் இருக்கு. மனசுல வச்சுக்காதீங்க."

வேறு வழியே இல்லையா என்று ஆவுடை கேட்டாள். இல்லை. வீட்டை எடுத்தால் அலுவலகம் அப்படியே கொள்ளும், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், என்ன எடுப்பது என்று நாங்கள் சொல்லக் கூடாது என்றாள் ஷகிலா. ஒரு மணி நேரம் ஓடும், அதனால் ஐந்துக்குள் ஆரம்பித்துவிடச் சொன்னாள். வைப்பதற்கு முன், கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள்.

"டிஸ்க்ல ஏறின பிறகு அவர் உங்ககிட்ட பேசுவார். ஆனா புதுசா ஒண்ணும் மனசுல நிக்காது. மூடிட்டுத் திறந்தா, முன்னாடி பேசினது எதுவும் இருக்காது. எங்கம்மாவ நேத்தே டிஸ்க்ல இறக்கிட்டேன். இன்னும் திறக்கல."

நாலரைக்கு வடிவு கூப்பிட்டாள். கூட்டத்துக்கு நடுவே வெளியே வந்து பேசுவதாகச் சொன்னாள். எப்படியாவது அப்பாவை டிஸ்க்கில் இறக்கிவிடும்மா, எனக்கு அவர் குரல் இருந்தால் போதும் என்றாள். புள்ளி ஒன்பதைப் பற்றி ஆவுடை அவளிடம் சொல்லவில்லை. அந்தப் புள்ளி ஒன்பதில் மகளும் பங்கு. அவள் பிறந்தது, டைபாய்டில் கிடந்தது, பூனாவுக்கு ரயிலேறியது எல்லாம் அதற்குள்தான் எங்கேயோ நெருக்கியடித்துக்கொண்டு இருக்கவேண்டும்.

போனை வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். விஷயத்தை அவரிடம் ஒளிக்காமல் சொன்னாள், எண்களோடு. அவருக்கு எண்கள் பிடிக்கும்.

அணைஞ்சபெருமாள் யோசிக்க எடுத்துக்கொண்டது நாலு விநாடி.

"இதுல என்ன குழப்பம்? வீட்டை எடுத்துரு."

"வீட்டையா?"

"நான் சொல்லுதத முழுசாக் கேளு. ஒரு ஆவணத்துக்கு ரெண்டு பிரதி இருந்தா, இடம் போதாதப்போ ஒண்ணைக் கழிக்கதுதான் நடைமுறை. வீட்டுல நடந்ததுக்கெல்லாம் உன்கிட்ட ஒரு பிரதி இருக்கு. ஆபீசுல நடந்ததுக்கு என்னைய விட்டா வேற யார்ட்ட இருக்கு?"

மறுத்துச் சொல்ல அதில் ஓட்டை எதுவும் இல்லை. முப்பத்தொரு வருஷம் கோப்பு எழுதியவர் எழுதிய ஒரே நல்ல குறிப்பு அதுதானோ என்னவோ.

"எடுத்துட்டா, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதே" என்றாள்.

"நீ சொன்னா ஒத்துக்கிடுவேன்."

"வடிவு?"

"வடிவு விவரமான பிள்ள. தன்னை அறிமுகம் பண்ணிக்கிடுவா."

ஆவுடை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே முக்கால். உங்களை மூடவேண்டும் என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றாள். ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அது வழக்கமில்லை.

"இருட்டா இருக்குமோ?" என்றார்.

இந்தக் குரலை அவள் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள், ஆஸ்பத்திரியில், மயக்க ஊசி போடுவதற்கு முன்.

"தெரியல. நான் இங்கனதான் இருப்பேன்."

"சரி. ஒப்புதல் கொடுத்தாச்சு. ஆரம்பி."

மூடினாள். சால்வைப் படம் மறைந்து நீலத் திரை வந்தது. வீடு எவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம்கூடக் கேட்டது. இரண்டு பெயர்களும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. வீடு என்பதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். பத்து நிமிஷம் அப்படியே வைத்திருந்தாள். கோபம் வந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். களைப்புத்தான் இருந்தது. அவர் சொன்னபடியே செய்து செய்து வந்த களைப்பு.

பிறகு கையை ஒரு வரி மேலே நகர்த்தினாள்.

'பிரதியில் அலுவலகம் நீக்கப்படும். உறுதியா?' என்று கேட்டது. அந்த வீட்டில் அவளை ஒருவர் அப்படிக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. உறுதி என்றாள்.

மூன்றாவது டிஸ்க்கில் எழுத ஒரு மணி நேரமெல்லாம் ஆகவில்லை. புள்ளி ஒன்பது எவ்வளவு நேரம் பிடிக்கும்? மூன்றே நிமிஷம். சரிபார்க்க ஒரு நிமிஷம். பச்சைக் கோடு கடைசிவரை போய், வெற்றி என்று ஒரு பூங்கொத்துப் படம் காட்டியது. டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் மெல்லிசாக ஒரு வளையம் மட்டும் நிறம் மாறியிருந்தது. மற்ற இடமெல்லாம் காலி.

அதைத் திரும்ப டிரைவில் போட அவளுக்கு உடனே மனம் வரவில்லை; போட்டுத் திறந்தபோது மணி ஐந்தே முக்கால். திரையில் படம் எதுவும் வரவில்லை. அந்த விழாப் படம் அலுவலகத்தோடு போய்விட்டது போலிருக்கிறது.

"ஆவுடை" என்றது குரல்.

அதே குரல்தான். தொண்டையைச் செருமிக்கொள்ளாமல் ஆரம்பித்ததுதான் வித்தியாசம்.

"ம்."

"வடிவுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"

"விட்டு முப்பது வருஷமாச்சு."

"நல்லது." கொஞ்ச நேரம் இருந்தார். பேசவேண்டிய அவசரம் எதுவும் அந்த மௌனத்தில் இல்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒண்ணு கேக்கணும். தினமும் காலையில நீ சட்டை தேச்சுக் கொடுக்க. நான் செருப்பு மாட்டுதேன். நீ கேட்டைச் சாத்துத சத்தம் கேக்கு. அடுத்து பார்த்தா சாயங்காலம், கால் கடுக்கு, நீ காப்பி கொண்டாற. நடுவுல நான் எங்க போனேன்?"

"ஆபீசுக்கு."

"அங்க என்ன?"

வாயைத் திறந்தாள். இருக்கை, சுற்றுப்பயணம், கூட்டம், வரிக்கு வரி ஏற்றுக்கொள்ளப்பட்ட குறிப்பு என்று துண்டு துண்டாக வந்து நின்றன. எதைப் பற்றிய குறிப்பு? எதற்கான கூட்டம்? அத்தனை வருஷமும் ம் போட்டிருக்கிறாள். ஒன்றுகூட அவளிடம் பிரதியாக நிற்கவில்லை.

"நீங்க சொல்லுவீய. நான் சரியாக் கேட்டுக்கிடல" என்றாள்.

அவர் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "அவ்வளவு நேரமா? தினமுமா?" என்றார். பிறகு, "முக்கியமா எதாச்சும் இருந்திருக்குமோ?"

சுவர்க்கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு. எங்கேயோ ஒரு சர்வரில், இன்னும் எட்டு நிமிஷத்துக்கு, சால்வை போர்த்திய இணை இயக்குநர் இருபத்தைந்து புள்ளி ஏழோடு இருட்டில் காத்திருந்தார், அவள் இங்கேதான் இருப்பாள் என்ற நம்பிக்கையில். அவரை ஏற்ற டிஸ்க் இல்லை. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வதற்கு மட்டும் நேரம் இருந்தது.

ஆவுடையம்மாள் எழுந்து போகவில்லை.

"இல்ல" என்றாள்.

"அப்ப சரி" என்றார் அணைஞ்சபெருமாள்.

அவள் சொன்ன ஒரு பதிலை அவர் குறுக்குக் கேள்வி இல்லாமல் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. நாளைக்குத் திறக்கும்போதும் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.